அப்பாவின் ஜென்னும் ஐந்தரை வருட ஆயிலும்

சிங்கப்பூரிலிருந்து 2025 மே மாதம் மூன்று வாரம் மதுரைக்குப் போயிருந்தேன். பெரிய வேலை எதுவும் இல்லை. அப்பா அம்மாவோடு இருந்துவிட்டு, உசிலம்பட்டி பக்கம் இருக்கிற எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒரு வாரம் முழுக்க அப்பாவின் காரோடு போயிற்று. ஊரில் பெற்றோரும் ஒரு பழைய வண்டியும் இருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

கார் 2003ஆம் வருஷத்து மாருதி ஜென். பதினைந்து வருஷம் முடிந்தபின் இரண்டு முறை ஆர்.சி.யைப் புதுப்பித்து, மேலே துணி போர்த்தி வைத்திருக்கிறார் அப்பா. மொத்தமே 61,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கே.கே. நகர் வீட்டிலிருந்து அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டில் முதன்முதலாக 1999இல் திறந்த சந்தை அது, அப்பாவுக்கு அங்கே கீரைக்காரம்மாவிலிருந்து எல்லோரும் பழக்கம். வெள்ளிக்கிழமை தெப்பக்குளம் மாரியம்மன் கோவில். எப்போதாவது டாக்டர். ஒரு நடைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது. வண்டி வெளியே பளபளவென்றுதான் இருந்தது.

பொங்கல் வைக்கப் போன அன்று நான்தான் ஓட்டினேன். செக்கானூரணியில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றபோது டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு மினுக்கியது. எஞ்சின் தலைப்பக்கத்திலிருந்து தையல் மெஷின் மாதிரி டக்டக் என்று சத்தம் வேறு. "அது பல மாசமாவே அப்படித்தான்ப்பா. நிக்கும்போது மினுக்கும், ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சா அணைஞ்சிரும்" என்றார் அப்பா. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் அளவு சரியாக இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா ஏமாந்தது இங்கேதான். அளவு இருக்கிறதே, பிறகென்ன என்று நினைத்திருக்கிறார். அந்த விளக்கு காட்டுவது அளவை இல்லை, ஆயிலின் அழுத்தத்தை. வேறு வண்டி பிடித்துக் கோவிலுக்குப் போனோம். ஜென் ரெக்கவரி வேனில் மதுரைக்குத் திரும்பியது.

முதலில் அப்பா வழக்கமாக விடும் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏசி அறை, காபி, கணினியில் ஜாப் கார்டு எல்லாம் உண்டு. எதையும் கழற்றிப் பார்க்காமலே எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும், அதைவிட எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவது நல்லது என்றார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவின் பில் ஃபைலைப் பிரித்து உட்கார்ந்தேன். பேட்டரி, ஏசி கேஸ், வாட்டர் வாஷ் என்று வருஷா வருஷம் அதே இடத்துக்கு வண்டி போயிருக்கிறது. ஒவ்வொரு செக்-அப் தாளிலும் 'எஞ்சின் ஆயில்' என்ற வரிக்கு நேராக ஒரு டிக். உண்மையில் ஆயில் மாற்றிய கடைசி பில் 2019 நவம்பர். அன்று ஒட்டிய ஸ்டிக்கரில் அடுத்த மாற்றம் பத்தாயிரம் கிலோமீட்டர் கழித்து என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வண்டி ஓடியதோ ஆறாயிரம்கூட இல்லை. அந்த எண் வரவில்லை, யாரும் ஆயிலைத் தொடவில்லை. ஐந்தரை வருஷம். காரோடு வரும் கையேட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கும் போட்டிருக்கிறது, எது முந்துகிறதோ அதன்படி மாற்றச் சொல்கிறது. எழுபத்தைந்து வயதுக்காரர் நம்பி வண்டியை விட்டால் அதைச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அடுத்து, போனில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்கிற ஆட்கள். நேரத்துக்கு வந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். எஞ்சின் ஃப்ளஷ் என்று ஒரு டப்பாவைப் பழைய ஆயிலிலேயே ஊற்றி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஆயிலை இறக்கினால் எல்லாம் கழன்று வந்துவிடும் என்றார் அந்தத் தம்பி. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நல்லவேளை.

சித்தப்பா சொன்ன மூன்றாவது இடம் அனுப்பானடியில் ஒரு தகரக் கூரைப் பட்டறை. அந்த மெக்கானிக் அண்ணன் முதலில் செய்த காரியத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு பிரஷர் கேஜை மாட்டினார். சுவிட்ச் கெட்டுப்போயிருந்தாலும் விளக்கு எரியுமாம், அதனால் முதலில் அழுத்தத்தை அளந்துவிட வேண்டுமாம். கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டார். ஐட்லிங்கில் முள் அடியை விட்டு எழவே இல்லை. உடனே அணைத்தார்.

அப்புறம் எஞ்சின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவரைத் திறந்தார். நான் குனிந்து பார்த்தேன். கேம்ஷாஃப்டைச் சுற்றி, பாகு முற்றிப்போன கருப்பட்டி மாதிரி ஒரு விரல்கடை உயரத்துக்குக் கறுப்பாக உறைந்திருந்தது. விரலால் தொட்டால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெளிர் மஞ்சளாக வெண்ணெய் போல ஒட்டியிருந்தது. அது தண்ணீர் கலந்த அடையாளம். ஹெட் கேஸ்கட் போயிருந்தாலும் கூலண்ட் ஆயிலில் கலந்து அப்படி வரும் என்று ரேடியேட்டரையும் திறந்து பார்த்தார். கூலண்டில் எண்ணெய்ப் படலம் இல்லை, அளவும் குறையவில்லை.

"இந்த வெயில்ல எஞ்சின் சூடாகாமலா இருக்கும்?" என்று அப்பா கேட்டார். அக்னி நட்சத்திர நேரம், எனக்கும் அதே கேள்விதான். "ஐயா, வெயிலு நாப்பது டிகிரி. ஆயிலுக்குத் தொண்ணூறு, நூறு வேணும். நீங்க சந்தைக்குப் போயிட்டு அது சூடேறுறதுக்குள்ள ஆஃப் பண்ணிர்றீங்க" என்றார். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் பக்கம் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி பி.சி.வி. வால்வு வழியாக வெளியேறிவிடும். ஐந்து நிமிஷ ஓட்டத்தில் அங்கேயே தங்கி, எரியாத பெட்ரோலோடு ஆயிலில் கலந்துவிடுகிறது. அழுக்கைப் பிரித்து வைத்திருக்கும் மருந்து ஆயிலிலேயே உண்டு, ஆனால் அதற்கும் ஆயுசு இருக்கிறது. அது தீர்ந்தபின் ஆயில் குழம்பாகிறது. எங்கள் வண்டியின் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கிக் காட்டினார். உள்ளே கடகடவென்று ஆட வேண்டுமாம். சத்தமே இல்லை, அதுவும் அடைத்திருந்தது.

மறுநாள் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கினார்கள். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது, ஸ்ட்ரெய்னர் என்கிறார்கள். அதில் முக்கால்வாசிக் கண்கள் மூடியிருந்தன, அழுத்தம் எழாதது அதனால்தான். ஃப்ளஷ் ஊற்றியிருந்தால் மேலே படிந்ததெல்லாம் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்து மிச்சக் கண்களையும் அடைத்திருக்கும், பேரிங் பிடித்திருக்கும் என்றார். லேசாகப் படிந்த எஞ்சினுக்கு அது பரவாயில்லை, இவ்வளவு படிந்ததற்குக் கூடாது என்பது அவர் கணக்கு. பட்டறைப் பையன் அரை நாள் உட்கார்ந்து ஐஸ் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து எடுத்தான். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும் என்பதால் குச்சி. ஆயில் திரும்பி வழியும் துவாரங்களில் துணியை அடைத்துவிட்டுத்தான் கையே வைத்தான். சம்ப்பும் ஸ்ட்ரெய்னரும் டீசலில் குளித்து வந்தன. அடி பேரிங் ஒன்றின் மூடியைக் கழற்றிப் பார்த்ததில் லேசான கோடுகள்தான், ஆழமான தேய்மானம் இல்லை.

புது பேக்கிங், புது ஃபில்டர், புது பி.சி.வி. வால்வு, சாதாரண 20டபிள்யூ-40 ஆயில். விலை கூடிய சிந்தெடிக்கை இப்போது ஊற்ற வேண்டாம், சீக்கிரமே இறக்கப் போகிற ஆயில் இது என்றார். கேஜில் முள் எழுந்து நின்றதைப் பார்த்தபின்தான் அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.

முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி எடுத்து வரச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். விடியற்காலையில் அழகர்கோவில், மேலூர், மறுபடி குலதெய்வம் என்று நானும் அப்பாவும் ஓட்டி முடித்தோம். இறக்கிய ஆயில் அதற்குள் கன்னங்கரேல் என்றிருந்தது. ஃபில்டரை ஆக்ஸா பிளேடால் அறுத்து மடிப்பை விரித்துக் காட்டினார்: காபித்தூள் மாதிரி கறுப்புத் துகள்கள், மினுமினுக்கும் உலோகத்தூள் இல்லை. மறுபடி புது ஆயில், புது ஃபில்டர். இரண்டு தடவைக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம், பையனுக்குத் தனியாகக் கொடுத்ததையும் சேர்த்து.

கிளம்புவதற்கு முந்தின நாள் பானட்டின் உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி, அடுத்த ஆயிலுக்குக் கிலோமீட்டர் எதுவும் எழுதாமல் தேதி மட்டும் எழுதினேன்: ஆகஸ்ட் 20. வாரம் ஒருமுறை அழகர்கோவில் வரை போய்வருவதாக அப்பா ஒப்புக்கொண்டார். அம்மாவுக்கு அதில் சந்தோஷம்.

தேதிக்கு இரண்டு நாள் முன்பே அப்பா பட்டறையிலிருந்து வீடியோ காலில் வந்தார். இறக்கிய ஆயிலை ஒரு டிஸ்யூ பேப்பரில் தொட்டு கேமராவுக்கு நேரே பிடித்தார். கட்டன் காபி நிறம். "அடுத்தது பிப்ரவரி, எழுதிட்டேன்" என்றார்.