ஓடூ குவாலிட்டி மாட்யூல்: ஷிப்ட் வாரியாக சாம்பிள் எடுக்க உதவுமா?

உதவும், ஆனால் நேரடியாக அல்ல. ஓடூ என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் தரச் சோதனைகளைப் பார்த்துக்கொள்வது இந்த மாட்யூல். ‘ஷிப்டுக்கு ஒருமுறை’ என்று ஒரு தேர்வு இதில் கிடையாது. கட்டணம் கட்டும் என்டர்பிரைஸ் பதிப்பில் மட்டுமே இந்த மாட்யூல் வருகிறது என்பதால், மூன்று ஷிப்ட் ஓடும் மெஷின் ஷாப்புகள் வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கண்ட்ரோல் பாயிண்ட் (எதை, எப்போது சோதிக்க வேண்டும் என்ற விதி) போடும்போது எத்தனை முறை சோதிக்க வேண்டும் என்று கேட்கும். எல்லா ஆர்டருக்கும், ராண்டமாக இத்தனை சதவீதம், இத்தனை நாளுக்கு ஒருமுறை ஆகியவைதான் முக்கியத் தேர்வுகள். நாள், வாரம், மாதம் உண்டு; மணிக்கணக்கு இல்லை. ‘1 நாள்’ என்று வைத்தாலும் கடிகாரத்தைப் பார்த்துச் சோதனை வராது. புரொடக்‌ஷன் ஆர்டரை கன்ஃபர்ம் செய்யும்போது, கடந்த ஒரு நாளில் அந்தப் பாயிண்டில் ஏதாவது சோதனை உருவானதா என்று தேடும். இருந்தால் புதிதாகப் போடாது. இரண்டு மெஷினுக்கும் ஒரே பாயிண்ட் வைத்தால், முதல் மெஷினில் வந்த சோதனையே இரண்டாவது மெஷினின் சோதனையை வரவிடாமல் செய்துவிடும். ராண்டமும் சரிப்படாது. 10 சதவீதம் என்றால் பத்தில் ஒன்று நிச்சயம் என்று பொருளில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாகக் குலுக்கிப் போடுகிறது. தொடர்ந்து பத்து ஆர்டருக்கு ஒரு சோதனைகூட வராமல் போக 35 சதவீத வாய்ப்பு உண்டு.

ஆகவே ஷிப்டை ஆர்டராக மாற்றுவதே வழி. 3,600 பீஸ் ஆர்டரை ஸ்ப்ளிட் வசதியால் 1,200 வீதம் மூன்றாகப் பிரியுங்கள். கண்ட்ரோல் பாயிண்டை அந்த ஆபரேஷனோடு இணைத்து, ‘எல்லாம்’ என்று வையுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமானால், ‘செட்டிங் பீஸ்’, ‘2ஆம் மணி’, ‘4ஆம் மணி’, ‘6ஆம் மணி’ என்று நான்கு பாயிண்ட். கண்ட்ரோல் பிளானில் (எதை எப்படிச் சோதிப்பது என்ற தரத் திட்டத் தாள்) சாம்பிள் அளவு, இடைவெளி என்று இருக்கும் இரு கட்டங்களும் அப்படியே இங்கே வந்துவிட வேண்டும்.

இங்கே ஒரு தடை. ‘மெஷர்’ வகைச் சோதனை ஒரே ஒரு அளவைத்தான் வாங்கும். ஐந்து பீஸ் அளந்தால் நான்கு நேரத்துக்கு இருபது பாயிண்ட் ஆகிவிடும், ஆபரேட்டர் சலித்துப்போவார். ஐந்தில் மிகச் சிறியது, மிகப் பெரியது என்று இரண்டை மட்டும் வாங்குங்கள். லிமிட்டைத் தாண்டியதா என்பதும் தெரியும், ரேஞ்சும் (இரண்டின் வித்தியாசம்) கிடைக்கும். எக்ஸ்பார்-ஆர் சார்ட் (சாம்பிள்களின் சராசரியையும் ரேஞ்சையும் வரையும் படம்) கட்டாயம் என்றால் இது போதாது. ஐந்து அளவையும் ஒர்க்‌ஷீட்டில் வாங்கி, வெளியே கணக்குப் போட வேண்டும். அந்தச் சார்ட்டின் லிமிட்டைக் கணக்கிட ஐந்து பீஸுக்கு ஏ2 மதிப்பு 0.577, டி4 மதிப்பு 2.114. மாட்யூல் காட்டும் சராசரியும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் அந்தப் பாயிண்டின் எல்லா ஷிப்ட் அளவுகளையும் ஒன்றாகக் கலந்தவை. இரவு ஷிப்டில் டூல் தேய்ந்து அளவு நகர்ந்தாலும் அதில் தனியாகத் தெரியாது.

தசம இலக்கத்தை அவசியம் பாருங்கள். தண்டின் விட்டம் 19.98 முதல் 20.00 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோமீட்டர் 19.976 காட்டினால் அது ரிஜெக்ட். டெசிமல் அக்யூரசி 2 இலக்கமாக இருந்தால் அது 19.98 ஆகி, பாஸ் ஆகிவிடும். 3 என்று வைத்துவிட்டே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

ஷிப்ட் வாரியாக அறிக்கை பார்க்க, ஓடூவின் திரைகளை மாற்றியமைக்கும் கருவியான ஸ்டுடியோவில் ‘ஷிப்ட்’ என்று ஒரு ஃபீல்டு சேர்க்கலாம். அதைத் தானாக நிரப்பக் கோட் எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறுவது நேரத்தில்தான். டேட்டாபேஸில் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். மதியம் 2.30க்கு எடுத்த சாம்பிள் காலை 9 என்று பதிவாகி, 6–2 ஷிப்டில் போய் விழும். இரவு 10–6 ஷிப்டில் அதிகாலை 2 மணிக்கு எடுத்தது முந்தைய நாள் தேதியில் சேர வேண்டும் என்பதையும் கோடில் எழுத வேண்டும்.

ஃபெயில் ஆன பிறகு நடக்க வேண்டியதை மாட்யூலை நம்பி விடக் கூடாது. குவாலிட்டி அலர்ட் போடலாம். ஆனால் கடைசியாகச் சரியாக இருந்த சாம்பிளுக்குப் பின் ஓடிய பீஸ்கள் அனைத்தையும் நாம்தான் பிரித்து வைக்க வேண்டும். ஃபெயில் மெசேஜ் கட்டத்தில் அந்த வரியைத் தமிழிலேயே எழுதிவிடுங்கள்; ‘6ஆம் மணி’ பாயிண்டுக்கு இப்படி: ‘மெஷினை நிறுத்து, 4ஆம் மணிக்குப் பின் வந்தவற்றைச் சிவப்பு டிரேயில் போடு’. ஆபரேட்டர் கண்ணெதிரே திரையில் அது வரும். இந்த மாட்யூலில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சோதனை பாக்கி இருந்தால் ஆர்டரை முடிக்க விடாது என்பது நல்ல பூட்டு. ஆனால் அதனாலேயே ஷிப்ட் முடியும் நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து நிரப்பும் பழக்கமும் வரும். ஒவ்வொரு சோதனையிலும் முடித்தவர் பெயரும் நேரமும் பதிவாகின்றன. வாரம் ஒருமுறை அந்த நேர வரிசையைத் திறந்து பாருங்கள். 6–2 ஷிப்டின் 2ஆம், 4ஆம், 6ஆம் மணி அளவுகள் மூன்றும் மதியம் 1.52க்கும் 1.54க்கும் இடையில் ஏறியிருந்தால், அன்று இடையில் யாரும் மைக்ரோமீட்டரைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை.