ஆரஞ்சு என்று சொல்வதா, விவரமாகச் சொல்வதா?

கோவிட்-19 பரவத் தொடங்கியிருந்த 2020 பிப்ரவரியில், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தமிழ் மூத்தோருக்காக மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. "சிங்கப்பூர் ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்துள்ளது" என்று தலைப்புப் போட்டேன். மூன்றாம் மாடிப் பாட்டி படித்துவிட்டு, "தம்பி, ஆரஞ்சுன்னா கோயிலுக்குப் போலாமா, கூடாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றே அதைக் கிழித்துவிட்டு, நிறமே இல்லாமல் வேறொன்று எழுதினேன்.

நோய்ப் பரவலின் அபாய அளவைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று காட்டும் அரசின் நிற முறை மருத்துவமனைகளுக்கு வசதியாகத்தான் இருக்கும். நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். எந்த நிறத்துக்கு என்ன செய்வது என்று மக்களுக்கும் ஓர் அட்டவணை இருந்தது. அதை எத்தனை பேர் தேடிப் படித்திருப்பார்கள்? பிப்ரவரி 7 அன்று ஆரஞ்சு என்றதும் பேரங்காடிகளில் அரிசியும் மீ நூடுல்ஸும் கழிவறைத் தாளும் காலியாகின.

மறுநாள் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் காணொளியில் பேசினார். 2009 பன்றிக் காய்ச்சலின்போதும் ஆரஞ்சுக்குப் போயிருக்கிறோம், பொருள் போதுமான அளவு இருக்கிறது என்றார். நிறத்தால் வந்த பயத்தை விளக்கம்தான் தணிக்க வேண்டியிருந்தது.

ஆனால் விவரமாகச் சொல்வதன் பக்கம் என்னைச் சாய்த்தது அதுவல்ல. நாளைக்கு நிலைமை மாறினால் இன்று சொன்னது தாங்குமா என்பதுதான். தொற்று பரவலாகிவிட்டால் ஒவ்வொரு தொடர்பையும் தேடிப் பிடிப்பதில் பயனில்லை, அணுகுமுறையை மாற்ற வேண்டிவரும் என்று அந்தப் பேச்சிலேயே அவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டார். பிறகு மாற்றம் வந்தபோது, ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நிறமோ, கடைகள் திறந்திருந்த பிப்ரவரியிலும் ஆரஞ்சு, ஏப்ரல் 7 முதல் பெரும்பாலானவை மூடிக் கிடந்த 'சர்க்யூட் பிரேக்கர்' முடக்கத்திலும் அதே ஆரஞ்சு. 2022 ஏப்ரலில்தான் மஞ்சளுக்கு இறங்கியது. வாழ்க்கையே தலைகீழானபோது அசையாத நிறத்தை வைத்துப் பாட்டிக்கு நான் என்ன சொல்வது?

சரி, விவரமாகச் சொன்னால் மட்டும் போதுமா? போதாது. "உடம்பு சரியில்லை என்றால் மட்டும் முகக்கவசம்" என்ற அறிவுரையையும் என் அறிவிப்பில் அப்படியே எழுதியிருந்தேன். "இப்போதைக்கு" என்ற ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. ஏப்ரல் 14 அன்று வெளியே போனாலே முகக்கவசம் கட்டாயம் என்றானது. மற்ற மாற்றங்களைப் பற்றி எதுவும் கேட்காத பாட்டி, இதை மட்டும் கேட்டார்: "அப்போ வேணாம்னு எழுதினியே தம்பி?"