காலை ஐந்தரைக்குக் கூடைப்பந்து போடும் பீளமேட்டு பேக்கரி

கோவையில் தெருவுக்கு மூன்று பேக்கரி உண்டு. பெரும்பாலும் எல்லாவற்றிலும் டீ நன்றாகவே இருக்கும். ஹோப் காலேஜ் சிக்னல் பக்கம் உள்தெருவில் இருக்கும் இந்தக் கடையைப் பற்றித் தனியாக எழுதக் காரணம் அங்கே இருக்கும் டிவி. நவம்பர் முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை, விடியற்காலையில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஓடும். எனக்குத் தெரிந்து ஊரில் வேறெந்தக் கடையிலும் இது கிடையாது.

கடைக்கார அண்ணன் அந்தக் காலத்தில் கல்லூரி அணிக்கு ஆடியவர். நானும் ஆடியிருக்கிறேன். ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், எட்டரைக்குத் திறக்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் மாலை ஏழு மணி மேட்ச் என்றால் குளிர்காலத்தில் நமக்குக் காலை ஐந்தரை. ஒரு மேட்ச் பார்த்து, இரண்டு டீ குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துக் கிளம்பச் சரியாக இருக்கும்.

டீ 15 ரூபாய். நல்ல ஸ்ட்ராங். சர்க்கரை தூக்கலாக இருக்கும், முதலிலேயே குறைக்கச் சொல்லிவிடுங்கள். தேங்காய் பன் ஆறு மணிக்கு அடுப்பிலிருந்து சூடாக வரும், அதற்காகவே போகலாம். வர்க்கி மொறுமொறுப்பாக இருக்கும். ஏழு மணிக்கு முன் பப்ஸ் வாங்காதீர்கள், முந்தின நாளுடையது. காபி சுமார்தான்.

என் தங்கச்சி பையன் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தான். அவன் அங்கே இருந்த 2023, 2024 இரண்டு வருடமும் அவர்கள்தான் தேசிய சாம்பியன். "மாமா, ஊரே ரோட்டுல நிக்குது" என்று வீடியோ கால் போட்டான். அன்றிலிருந்து அது என் அணி.

ஒருநாள் கடைக்கார அண்ணன் கேட்டார்: "ஏனுங் தம்பி, உங்க கனெக்டிகட் எதுக்குங்க போறதும் வாறதுமாவே இருக்குது?" அன்று இரண்டாவது டீ ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அங்கே கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்று குழு குழுவாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடும். 1979இல் கனெக்டிகட் உட்பட வடகிழக்கு ஊர்களின் கல்லூரிகள் சில, கூடைப்பந்தை நம்பித் தொடங்கியது பிக் ஈஸ்ட். 1985இல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் மூன்று அவர்களுடையவை. ஆனால் அதற்கு முந்தைய வருடமே உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்திருந்தது. அதுவரை அமெரிக்கன் ஃபுட்பால் ஒளிபரப்பை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. தீர்ப்புக்குப் பிறகு கல்லூரிகளும் கான்ஃபரன்ஸ்களும் தாங்களே விற்கலாம் என்றானது. கூடைப்பந்தின் பெரிய பணமோ மார்ச் மாதத் தேசியப் போட்டியில் இருக்கிறது. அதை இன்றும் என்.சி.ஏ.ஏ.தான் விற்றுப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. ஆக, ஒரு கான்ஃபரன்ஸ் தன் கையால் விற்றுக் காசாக்கும் சரக்கில் பெரும்பங்கு ஃபுட்பால். யாரைச் சேர்ப்பது என்று உட்கார்ந்து பேசும்போது கூடைப்பந்தை யார் கேட்கப்போகிறார்கள்?

2013இல் சிராக்யூஸ், பிட்ஸ்பர்க் எல்லாம் பிக் ஈஸ்டை விட்டு ஏ.சி.சி. என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டன. பெரிய ஃபுட்பால் இல்லாத ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பிக் ஈஸ்ட் என்ற பெயரை வாங்கிக்கொண்டு தனியே பிரிந்தன. ஃபுட்பால் அணி இருந்ததால் கனெக்டிகட் மிச்சமிருந்த ஃபுட்பால் கல்லூரிகளின் பக்கம் மாட்டிக்கொண்டது. 2014இல் அங்கிருந்தும் கோப்பை வென்றார்கள், அதை மறுக்க முடியாது. ஆனாலும் டல்சாவோடும் ஹூஸ்டனோடும் ஆடினால் பக்கத்து ஊர்க்காரன் எதற்கு வண்டி கட்டிக்கொண்டு வருவான்? 2020இல் ஃபுட்பாலைத் தனியாக விட்டுவிட்டுப் பழைய வீடான பிக் ஈஸ்டுக்கே திரும்பினார்கள். அதுதான் சரியான முடிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேற்கே நடந்தது இன்னும் வருத்தம். பயிற்சியாளர் ஜான் வுடன் காலத்தில் 12 வருடத்தில் 10 கோப்பை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகம் யூ.சி.எல்.ஏ., 2024இல் பாக்-12 கான்ஃபரன்ஸை விட்டு பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போனது. அந்த வருடமே பாக்-12இல் மிஞ்சியது இரண்டே கல்லூரிகள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து, அதே பிக் டென்னில் இருக்கும் நியூஜெர்சியின் ரட்கர்ஸுக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். கோவையிலிருந்து காஷ்மீருக்குப் பறந்தாலும் அத்தனை தூரம் வராது. முன்பு யூ.சி.எல்.ஏ. மாலை மேட்ச் நமக்கு எட்டரைக்குத்தான் தொடங்கும், பட்டறையால் பார்க்க முடியாது. இப்போது அவர்கள் கிழக்கே போய் ஆடும் நாட்களில் ஐந்தரைக்கே பார்க்கிறேன். எனக்கு வசதிதான். ஆனால் இத்தனை தூரம் பறந்து திரும்பி வகுப்புக்கும் போக வேண்டிய பையன்களை நினைத்தால் மனசு ஒப்பவில்லை.

கடை மேல் எனக்கு ஒரே ஒரு குறை. 2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கனெக்டிகட்டும் கொன்சாகா பல்கலைக்கழகமும். அதே காலை பிரிஸ்பேனில் டெஸ்ட், டிராவிஸ் ஹெட் நம்மைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். பெரிய டிவி கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. எங்கள் மேட்சை உள்ளே கேக் ஷெல்ஃப் பக்கம் சின்ன ஸ்கிரீனில், சத்தமில்லாமல் வைத்தார். வெளியே இருபது பேர், உள்ளே நாங்கள் நான்கு பேர். கேட்டேன். "நாலு பேரு டீ குடிச்சா கடை ஓடுங்களா தம்பி?" என்றார். நியாயம்தான், பதில் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவிலும் நவம்பர், டிசம்பரில் கூடைப்பந்துக்கு இதே நிலைமை. ஃபுட்பால் உச்சத்தில் இருக்கும், நல்ல மேட்சுகள்கூடக் கவனிக்க ஆளில்லாமல் போகும். அன்று கனெக்டிகட் ஜெயித்தது. கத்தக்கூட முடியாமல் பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் கொன்சாகாவுக்கு ஃபுட்பால் அணியே கிடையாது. பாக்-12ஐ மறுபடி கட்டியெழுப்பக் கிளம்பியவர்கள் 2026 முதல் சேர்த்துக்கொள்வதாக அதையும் அழைத்தபோது நான் பட்டறைப் பையன்களுக்கெல்லாம் வர்க்கி வாங்கிக் கொடுத்தேன். கூடைப்பந்துக்காக மட்டுமே ஒரு கல்லூரிக்கு அழைப்பு வந்தது எனக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அண்ணன் அந்தச் சின்ன ஸ்கிரீனைக் கொஞ்சம் உயரத்தில் மாட்டி, சத்தமும் வைத்தால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன். பெஞ்ச் இரண்டு, ஸ்டூல் ஏழு. பைக்கைக் கடை வாசலில் விடாதீர்கள், ஆறே காலுக்குப் பால் வண்டி வரும். ஏப்ரலில் இறுதிப்போட்டி நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் தொடங்கும். அன்றைக்கு மட்டும் ஐந்தே முக்காலுக்குள் வந்துவிடுங்கள், பன்னையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.