டாப் கியர் யாருக்கு எட்டும்: வார்கிராஃப்டா, கில்ட் வார்ஸா?

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமை ஐந்து வருடம் ஆடிவிட்டு, மகள் பிறந்ததும் அதே வகை கேமான கில்ட் வார்ஸ் 2 பக்கம் வந்துவிட்டேன். மடிப்பாக்கத்தில் இருக்கும் மச்சினன் இன்னும் வார்கிராஃப்டிலேயேதான். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கிராபிக்ஸ், கதை எல்லாம் அவரவர் ருசி. காசு? வார்கிராஃப்டில் மாதச் சந்தா, கில்ட் வார்ஸில் வாங்கும்போது கொடுப்பதோடு சரி.

கியர், அதாவது கேரக்டருக்குப் போடும் ஆயுதம், கவசம் விஷயத்தில் வார்கிராஃப்ட் முன்புபோல் கறார் இல்லை. 2004-இல் பெரிய ரெய்டு (கூட்டமாகப் போய் பெரிய எதிரிகளை அடிப்பது) என்றால் 40 பேர் சேர வேண்டும். இப்போது 5 பேர் குழுவாகப் போகும், ‘கீ’ எண் ஏற ஏறக் கடினமாகும் மித்திக் பிளஸ் உண்டு. 2024-இல் வந்த டெல்வ்ஸ் என்ற சின்னச் சாகசங்களில் தனி ஆளாகவே நல்ல கியர் தேற்றலாம். வாராவாரம் கிரேட் வால்ட் என்ற பரிசுப் பெட்டகம் 9 பொருள் வரை காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்னும். ஆனால் உச்சிக் கியருக்கு மித்திக் என்ற மிகக் கடினமான நிலையில் ரெய்டு அடிக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய கீ முடிக்க வேண்டும். அந்த ரெய்டுக்குச் சரியாக 20 பேர். ஐரோப்பிய டீமோடு சேர்ந்தால், பெர்லினில் இரவு 8 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30. விடிந்தால் ஆபீஸ் போக சென்னை ஓ.எம்.ஆர். சாலை டிராஃபிக். நான் அதற்கு ஒரு படி கீழான ஹீரோயிக்கைத் தாண்டியதில்லை. மித்திக் பற்றித் தெரிந்ததெல்லாம் மச்சினன் சொன்னதுதான்.

சரி, எடுத்தாயிற்று என்றே வையுங்கள். எத்தனை நாளைக்கு? என்னை மாற்றியது இந்தக் கேள்விதான். புது சீசன் வந்தால் ஐட்டம் லெவல், அதாவது கியரின் பல எண், ஏறிவிடும். தூக்கம் கெட்டு வாங்கிய வாள் சில மாதத்தில் பழைய இரும்பு. வாடகை வீட்டுக்கு நம் செலவில் பெயின்ட் அடிக்கிற கதை.

கில்ட் வார்ஸ் 2, 2012-இல் 80-ஐ உச்ச லெவலாக வைத்து வந்தது, இன்றும் 80தான். அந்த நவம்பரில் வந்த அசெண்டட் என்ற ரகக் கியரின் பலத்தை இதுவரை எதுவும் தாண்டவில்லை. அதற்கும் மேல்ரகமான லெஜண்டரிக்கும் அதே பலம்தான். ஸ்டாட்டை (எந்தத் திறனைக் கூட்டுகிறது என்பதை) இஷ்டப்படி மாற்றலாம், 2021 முதல் அக்கவுண்ட்டில் உள்ள எல்லா கேரக்டருக்கும் போடலாம் என்பதுதான் கூடுதல் வசதி. குழந்தையோடு ஒரு வருடம் உள்ளேயே போகாமல் இருந்துவிட்டுத் திரும்பினேன். போட்டிருந்த கவசம் அப்படியே டாப்பில் இருந்தது.

சும்மா கிடைக்காது. அசெண்டட் கவசத்துக்கு வேண்டிய டமாஸ்க் துணிக்கான நூலை ஒரு நாளைக்கு ஒன்றுதான் செய்ய முடியும். ஒரு முழு செட் தைத்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். அப்புறம், முதல் தலைமுறை லெஜண்டரி ஆயுதங்களைக் கேமுக்குள் இருக்கும் சந்தையிலேயே வாங்கலாம், நிஜக் காசைக் கேம் தங்கமாக மாற்றவும் வழி உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை.

“புது கியரே வராத கேமை எதுக்கு மாமா ஆடணும்?” என்கிறான் மச்சினன். புதன்கிழமை அவன் வால்ட்டைத் திறக்கும்போது எனக்கும் கை அரிக்கத்தான் செய்கிறது.