பழைய பிக்கப்பின் சேஸ்: மூடி வெல்டிங்கா, உள் சேனலா?

பல வருஷம் லோடு அடித்த பிக்கப்பில் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் விரிசல் விடும். ஒன்று, கேபின் முடிந்து பாடி தொடங்கும் இடம். இன்னொன்று, பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) ஹேங்கர் பிராக்கெட் உட்காரும் இடம். என் வண்டியில் இரண்டாவது. விரிசலை அடைக்கும் வேலை எந்தப் பட்டறையிலும் ஒன்றுதான்: நுனியில் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வி வடிவில் செதுக்கி, நன்றாகக் காயவைத்த 7018 ராடில் வெல்டிங் வைத்து, கிரைண்டரில் சமமாக்குவது. அதற்கு அப்புறம் எதை வைத்துப் பலப்படுத்துவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

வேறு சேஸ் போடுவதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். சேஸ் எண் மாறும், ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், பழைய வண்டிக்குக் கட்டுபடியாகாது. வெளியே ஒட்டுப் பிளேட் வைப்பது மலிவு. ஆனால் செவ்வகமாக வெட்டி நாலு பக்கமும் வெல்டிங் வைத்தால், அந்தச் செங்குத்து ஓரத்திலேயே அடுத்த விரிசல் பிறக்கும். முனைகளைச் சாய்வாக வெட்டி, சி சேனலின் (சேஸின் C வடிவ நீளச் சட்டம்) மேல் கீழ் மடிப்புகளின் குறுக்கே வெல்டிங் போகாமல் செய்தால் கொஞ்ச நாள் தாங்கும்.

மிஞ்சியது இரண்டு. சி சேனலின் திறந்த பக்கத்தைப் பிளேட்டால் மூடிப் பெட்டியாக்குவது. அல்லது சி சேனலுக்குள் இன்னொரு சி சேனலை நுழைத்துப் போல்ட் போடுவது. நான் இரண்டாவதைத்தான் செய்தேன்.

பெட்டியாக்கினால் வண்டி கல்லு மாதிரி ஆகிவிடும் என்பார்கள். முறுக்கத்துக்கு அது சரி. 100 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனம் உள்ள சட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மூடியபின் முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு நூறு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. ஆனால் லோடு அழுத்தி வளைப்பதை எதிர்க்கும் விறைப்பு கால் பங்கு அளவுதான் கூடுகிறது. அதே சட்டத்துக்குள் 4 மி.மீ. சேனல் ஒன்றை நுழைத்தால் வளைவுக்கு முக்கால் பங்கு கூடுகிறது. என் வண்டி லோடு ஏற்றித்தான் விரிசல் விட்டது. தவிர, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சி சேனல் சற்றே முறுக்கிக் கொடுக்கும். அதைத் தடுத்தால் அந்தச் சுமை, மூடிய பகுதி முடியும் இடத்திலும் கிராஸ் மெம்பர் (இரு பக்கச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) ரிவெட்டுகளிலும் போய் உட்காரும்.

இதையெல்லாம்விட என்னை முடிவெடுக்க வைத்தது துரு. பெட்டியின் உள்பக்கப் பெயிண்ட் வெல்டிங் சூட்டிலேயே எரிந்துவிடும். மூடியபின் பிரஷ் நுழையாது. தண்ணீர் வடிய அடியில் துளை விட்டாலும் சேறு அடைத்துக்கொள்ளும். நீளமான குழாய் வைத்து உள்ளே மெழுகு ஸ்பிரே அடிக்கலாம்தான். வருஷா வருஷம் யார் அடிப்பார்கள்? மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீர், உர மூட்டையின் சிதறல் எல்லாம் இறங்கும் வண்டி இது. வெளியே கறுப்புப் பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டிருக்கும். பெட்டியாக்கிய சேஸை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. பட்டறையில் அறுத்துத் திறந்த ஒன்றைப் பார்த்தேன். உள்ளேயிருந்து செதில் செதிலாகக் கொட்டியது.

உள் சேனலிலும் துரு பிடிக்காமல் இல்லை. இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஈரம் தங்கினால் துரு ஊதி ஒன்றையொன்று தள்ளும். அதனால் நுழைக்கும் முன் இரண்டு முகத்திலும் ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் பெயிண்ட்) அடித்து, மேல் விளிம்பைச் சீலண்ட்டால் அடைத்தோம். முக்கியமான வித்தியாசம், இதன் நிலைமை கண்ணுக்குத் தெரியும். போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்புக் கோடு வழிந்தால் அது தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, எப்படியும் அடியில் கழுவிப் பெயிண்ட் அடிப்போம். அப்போதே டார்க் ரெஞ்ச் (போல்ட்டின் இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்து ஒரு சுற்று வந்துவிடலாம். சந்தேகம் வந்தால் கழற்றியும் பார்க்கலாம். விற்கும்போது வாங்க வருபவர் குனிந்து பார்த்தாலும், புது வெல்டிங்கைக் கண்டால் வருகிற சந்தேகம் போல்ட்டைக் கண்டால் அவ்வளவு வராது.

கூலி கூடுதல், அதை மறைக்க முடியாது. கிராஸ் மெம்பர் வரும் இடங்களில் ரிவெட்டை அறுத்து, கிராஸ் மெம்பரின் முனையை உள் சேனலின் கனத்துக்குச் சீவி, திரும்ப 8.8 கிரேடு போல்ட்டில் பூட்ட வேண்டும். துளை போல்ட்டுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், சேனலின் செங்குத்தான நடுத்தகட்டில் மட்டும் இருக்க வேண்டும். மடிப்புகளில் ஒரு துளைகூடக் கூடாது. உள் சேனலின் முனை சாய்வாக இருக்கட்டும், ஹேங்கருக்கு நேர் மேலே முடிய வேண்டாம். எந்த வேலையானாலும் பொறித்த சேஸ் எண்ணை மூடாதீர்கள்.

என் வண்டி சமவெளியில்தான் ஓடுகிறது. கொல்லிமலை, ஏற்காடு என்று தினம் வளைந்து ஏறும் வண்டிக்கு இதையே கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் முன்பகுதிக்கும் என் பதில் வேறு. அங்கே முறுக்கமே கூடாது. பல பிக்கப்புகளில் கம்பெனியே அந்தப் பகுதியைப் பெட்டியாகத்தான் கொடுக்கிறது. அங்கே விரிசல் விட்டால் நானும் மூடித்தான் வெல்டிங் வைப்பேன்.