நின்றால் மட்டும் சூடாகிற வண்டியா? ஹெட்டைத் திறக்க விடாதீர்கள்

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்தது 18,500 ரூபாய். வண்டியைச் சரியாக்கியது 380 ரூபாய் சுவிட்ச், கூலி 200.

வண்டி 1998 மாடல் மாருதி 800. ஏசி கிடையாது, கார்புரேட்டர் வண்டி. அப்பா ஓட்டியது என்பதால் விற்க மனசு வரவில்லை. போன சித்திரை வெயிலில் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறி சிவப்புக் கோட்டைத் தொட்டது. சிக்னல் விழுந்து ஓமலூர் ரோட்டில் அறுபதில் போனதும் தானாக இறங்கி நடுவில் வந்து நின்றது. மறுநாளும் இதே கதை. நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும். கோளாறு எங்கே என்று வண்டியே சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை.

தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம், இந்த மாதிரி இடம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஓனர் நான் சொன்னதைப் பாதி கேட்பதற்குள் "ஹெட் கேஸ்கட் சார்" என்றார். ஹெட் என்பது இன்ஜினின் மேல் பாகம். அதற்கும் கீழ் பிளாக்குக்கும் நடுவில், சிலிண்டருக்குள் அழுத்தப்படும் வாயுவும் (கம்ப்ரஷன்) தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கட். நிரூபித்தும் காட்டினார். பையனை விட்டு ரேடியேட்டர் தண்ணீரை வடித்துப் புதிதாக ஊற்றச் சொன்னார். மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்தார். தண்ணீரில் பொளக் பொளக்கென்று குமிழி வந்தது. "பாருங்க, கம்ப்ரஷன் தண்ணிக்குள்ள வருது."

நம்பிவிட்டேன். தண்ணீரை மாற்றிய எந்த வண்டியிலும் உள்ளே அடைபட்ட காற்று கொஞ்ச நேரம் இப்படித்தான் குமிழியாக வெளியேறும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்தால் காற்றெல்லாம் போன பிறகும் குமிழி நிற்காது, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடும். வெளியே ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறையும். சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரலாம். சில சமயம் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும். என் வண்டி ஆயில் கறுப்பு டிகாஷன் மாதிரித்தான் இருந்தது, தண்ணீரும் குறையவில்லை. ஆயில் நன்றாக இருப்பதை மட்டும் வைத்து கேஸ்கட் நல்லது என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் இத்தனையில் ஒன்றுகூட இல்லாதபோது ஹெட்டை இறக்க என்ன அவசரம்?

ஐந்து நாள் கழித்து ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். கேஸ்கட் கிட் 2,600, ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாகத் தேய்ப்பது) 1,500, புது ரேடியேட்டர் 4,800, ஆயிலும் கூலன்ட்டும் 2,100, லேபர் 7,500. மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை. பழைய சாமானைக் கேட்டதற்கு "குப்பையில போட்டாச்சு சார்" என்றார்கள். பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் கன்னங்கரேலென்று பளபளத்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அதே ஐந்து ரோடு, அதே சிவப்புக் கோடு. ஃபோன் போட்டால், "இன்ஜின் செட்டாகணும் சார், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க" என்கிறார். தண்ணீர் ஓட்டத்துக்கு என்ன செட்டாக வேண்டியிருக்கிறது?

வீட்டுக்குப் பக்கத்தில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். ஹாரன் வேலை செய்யாவிட்டால்தான் அவரிடம் போவேன். இந்த முறை அவர் கேட்ட முதல் கேள்வியே, "நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா தம்பி?"

"நிக்கும்போதுண்ணே."

"ஃபேன் சுத்துதா?"

பார்த்ததே இல்லை. வண்டியை நிறுத்தியபடி ஓடவிட்டோம். முள் முக்காலைத் தாண்டியும் ஃபேன் அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேராக கரண்ட் கொடுத்தார், விர்ரென்று சுற்றியது. மோட்டார் நல்லது. அப்புறம் தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்சில் செருகியிருந்த வயரைப் பிடுங்கி ஒரு துண்டு வயரால் நேராகச் சேர்த்தார். மறுபடியும் சுற்றியது. ஃபியூஸ், ரிலே எல்லாம் சரி, செத்தது சுவிட்ச் மட்டும். கால் மணி நேரம் ஆகியிருக்காது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், நின்றால் ஃபேன் மட்டும்தான் கதி. இதுவே நூறில் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் வால்வு, வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும் என்றார்.

புது சுவிட்ச் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தவர் விரலைப் பார்த்தார். கறுப்பு. "ரேடியேட்டருக்கு எப்போ பெயின்ட் அடிச்சீங்க தம்பி?"

புதுசு என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் கீழ் டேங்க் மூலையைச் சுரண்டினார். ஸ்ப்ரே பெயின்ட் செதிலாக உரிந்தது. அடியில் பழைய பித்தளை, அதன் மேல் புளியங்கொட்டை அளவில் ஓர் ஈயப்பற்று. அப்பா இருக்கும்போது ஒழுகி, நானே கூடப் போய் நின்று பற்றவைத்த இடம் அது.

தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றி எறிந்திருந்தார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்பது பல மெக்கானிக்குகளின் வேதம். 80 டிகிரிக்கு மேல் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து இன்ஜினைச் சரியான சூட்டில் வைப்பதற்காகத்தான் கம்பெனி அதை வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் சூடேற நேரமாகும், மைலேஜ் அடிவாங்கும். வேறு வாங்கிப் போட்டேன்.

ஆகவே, ஹெட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முதலில் ஃபேனைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அதிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பரும் பிரஷரைத் தாங்குவதால்தான் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வாக்கில்கூடக் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் குக்கர் மூடியைப் பிடுங்கியது போலத்தான், முகம் வெந்துவிடும், அரை மணி நேரமாவது ஆறட்டும். முள் சிவப்புக்குப் போனபின் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டவே ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்தால் அப்போது நிஜமாகவே கேஸ்கட் வேலை வரும். பழைய சாமான் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். முறையான பில்லும் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

ஈயப்பற்றை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஓனர் ஃபோட்டோவைப் பார்த்தார், பையனைத் திட்டினார், 4,800-ஐ ஜிபேயில் திருப்பி அனுப்பினார். மீதி 13,700-ஐக் கேட்டேன். "ஹெட்டை இறக்கி, ஃபேஸிங் போட்டு, கேஸ்கட் மாத்தியிருக்கோம் சார். அதைச் செய்யலைன்னு சொல்வீங்களா?" என்றார்.

செய்திருந்தார்கள்தான்.