நிக்கோட்டின் சூயிங்கம் ரிவ்யூ: உதட்டுக்குள்ள புகையிலை வெச்சவன் எழுதறது

புகையிலைய விடறதுக்குன்னு வர்ற இந்த நிக்கோட்டின் கம்முக்கு ஆன்லைன்ல இருக்கற ரிவ்யூ எல்லாமே சிகரெட் குடிக்கறவங்க எழுதுனதுங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஸ்க்ரோல் பண்ணி பாத்தேன், வாயில புகையிலை போடறவன் ஒருத்தன் கூட எழுதல. இத்தனைக்கும் 2016-17ல நாடு முழுக்க எடுத்த சர்வேல பெரியவங்கள்ல புகை விடறவங்க 10.7 சதவீதம், வாயில போடறவங்க 21.4 சதவீதம், அப்படியே ரெட்டிப்பு. நம்ம ஆளுங்க ஒதடு ரொம்பி இருக்கறதால பேசவும் மாட்டாங்க எழுதவும் மாட்டாங்க போல. சரி நாமளே எழுதிருவோம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கட்டிங் செக்‌ஷன். 14 வருஷமா வேலை, அதுல 13 வருஷமா புகையிலை. கட்டிங் ஹாலுக்குள்ள தீப்பெட்டிய கொண்டு போகவே முடியாது, சுத்தி துணி அடுக்கு, காத்துல பஞ்சுத்தூசி, ஒரு பொறி பட்டா போச்சு. பீடி பத்த வைக்கணும்னா கேட்டுக்கு வெளிய போகணும், போனா சூப்பர்வைசர் வாட்ச் பாப்பாரு. கீழ் ஒதட்டுக்குள்ள ஒரு சிட்டிகை வெச்சுகிட்டா யாருக்குத் தெரியும்? ஷிப்மெண்ட் நேரத்துல ஒன்றரை ஷிஃப்ட், டபுள் ஷிஃப்ட்னு போகும், ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணு சொருகாம கத்தி மிஷின் ஓட்டணும். ஒரு அண்ணன் தான் பழக்கி விட்டாரு, "வெய்யிடா, தூக்கம் ஓடிரும்"னு. ஓடுச்சு.

பிராண்ட் பேரெல்லாம் வேண்டாம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2013ல இருந்து தமிழ்நாட்டுல குட்கா, புகையிலை கலந்த பான் மசாலாவுக்கெல்லாம் தடை, வருஷா வருஷம் நீட்டிச்சுட்டே வந்தாங்க, 2023 ஜனவரில ஹைகோர்ட் அந்த உத்தரவ ரத்து பண்ணுச்சு, ஏப்ரல்லயே சுப்ரீம் கோர்ட் அதுக்கு ஸ்டே குடுத்துச்சு. இவ்வளவு நடந்தும் எனக்கு ஒரு நாள் கூட சரக்கு கெடைக்காம போனதில்லைங்க, வெலை மட்டும் ஏறுச்சு. பொட்டிக்கடையில வாய் தொறந்து கேக்கவே வேண்டாம், ஆள்காட்டி வெரலால கீழ் ஒதட்ட லேசா தொட்டா போதும், கடலை மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னாடி இருந்து கை வரும். ஒரு பாக்கெட் 50 ரூபா, எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு.

விட்டது எப்படின்னா, பல்லு கூச்சத்துக்குன்னு பல் டாக்டர்கிட்ட போனேன். அவரு பல்ல விட்டுட்டு கீழ் ஒதட்ட மடிச்சு கண்ணாடிய கையில குடுத்து பாருங்கன்னாரு. சரியா பொட்டலம் உக்கார்ற எடத்துல, கட்டை வெரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு, காய்ச்சுன பால்ல ஆடை படிஞ்சு சுருங்குன மாதிரி. தொடைச்சா போகல. லூக்கோபிளேக்கியான்னு பேரு சொன்னாரு. இது எல்லாமே கேன்சர் ஆகாது, ஆனா எது ஆகும்னு பாத்து சொல்ல முடியாது, விட்டுட்டு வாங்க, கொறையலன்னா ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிரலாம்னாரு. அப்பறம் மூணு வெரல சேத்து நெட்டுக்குத்தா வாயில நொழைக்கச் சொன்னாரு. எனக்கு நொழஞ்சுது. சில பேருக்கு ரெண்டு வெரலே போகாதாம், வாய் உள்பக்கம் நாராட்டம் இறுகிப் போயிருமாம், சோறு உருட்டி வைக்கக் கூட முடியாதாம், அது பாக்கு போடறவங்களுக்கு வர்றது.

புகையிலைல கண்ணாடித்தூள் கலக்கறாங்களாமே, அது கீறித்தான் ரத்தத்துல ஏறுதாமேன்னு நானும் கேட்டேன், எங்க கம்பெனில எல்லாரும் நம்பற கதை அது. சிரிச்சுட்டாரு. கண்ணாடி எதுக்குங்க, சுண்ணாம்பே போதும், சுண்ணாம்பு சேந்தா நிக்கோட்டின் தோலுக்குள்ள சுலபமா எறங்கிரும்னாரு. இத ஞாபகம் வெச்சுக்கங்க, கம் மேட்டர்லயும் இதே கணக்கு வரும்.

இப்ப கம்முக்கு வர்றேன். 2 எம்ஜி, 4 எம்ஜின்னு ரெண்டு வருது. 2 எம்ஜி மெடிக்கல்ல சீட்டு இல்லாம கெடைக்கும், 4 எம்ஜிக்கு டாக்டர் சீட்டு வேணும். எனக்கு 2 எம்ஜி. ஒரு கம்மு சுமாரா பத்து பன்னண்டு ரூபா ஆச்சு, மொத வாரத்துல ஒரு நாளைக்கு பத்து வரைக்கும் போட்டேன், ஆக புகையிலைக்கு போன அதே நூறு ரூபாதான் இங்க போச்சு. காசு மிச்சமாகும்னு நெனச்சு வாங்காதீங்க, மிச்சம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

மொத நாள் நான் பண்ணது பெரிய கூத்து. சூயிங்கம்னு எழுதியிருக்கு, சூயிங்கம் மாதிரியே நறநறன்னு மென்னேன். அஞ்சு நிமிஷத்துல தொண்டை எரிச்சல், விக்கல்னா விக்கல் அப்படி ஒரு விக்கல், வயித்த பொரட்டி வெட்டறதுக்கு அடுக்கடுக்கா விரிச்சு வெச்ச துணி மேலயே வாந்தி எடுத்திருப்பேன், ஓடிப்போய் தப்பிச்சேன். அட்டைக்குள்ள ஒரு பேப்பர் மடிச்சு வெச்சிருக்காங்க, எறும்பு சைஸ் எழுத்து, அத எவன் படிப்பான். மெடிக்கல்ல குடுத்த தம்பியும் ஒரு வார்த்தை சொல்லல. இதுக்கே ஒரு ஸ்டார் கொறைச்சுட்டேன்.

சரியான முறை இதுதாங்க. மெதுவா அஞ்சாறு தடவ கடிக்கணும், நாக்குல மொளகு பட்ட மாதிரி சுருக்குன்னு வரும். வந்த உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கிரணும். சுருக்கு கொறைஞ்சா மறுபடி ரெண்டு மூணு கடி, மறுபடி ஒதுக்கணும், அடுத்த தடவ வேற பக்கம். ஒரு கம்மு அரை மணி நேரம் ஓடும். மென்னு எச்சிய முழுங்கிட்டே இருந்தா நிக்கோட்டின் வயித்துக்கு போயிரும், அங்க போனா வேலைக்கு ஆகாது, விக்கல்தான் மிச்சம். யோசிச்சு பாத்தா இது நம்மாளுங்களுக்கு சிகரெட்காரன விட சுலபம்ங்க, ஒதுக்கி வைக்கறதுல நமக்கு 13 வருஷ எக்ஸ்பீரியன்ஸ்!

டீ காபி விஷயம். கம் போடறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியும், வாயில இருக்கறப்பவும் டீ, காபி, ஜூஸ், கலர் எதுவும் கூடாது, தண்ணி மட்டும்தான். சுண்ணாம்பு கணக்கு சொன்னேனில்ல, அதே வேலைக்குத்தான் கம்முல புளிப்புக்கு எதிரான ஒரு கார உப்பு (ஒறைப்பு இல்ல) சேக்கறாங்க, காபி புளிப்பு பட்டா அது அடிபட்டுப் போயி நிக்கோட்டின் ஏறாது. நான் பத்தே கால் டீய முடிச்சுட்டு பத்தரைக்கு கம்முன்னு டைம் போட்டுகிட்டேன். ஆரம்பத்துல டீ குடிச்ச கையோட போட்டு, என்னடா இது டூப்ளிகேட்டான்னு சந்தேகப்பட்டதும் உண்டு.

மொத மூணு நாள் தான் நரகம். தலைவலி, எவன் பேசுனாலும் கோவம், துணி வெட்டறதுக்கு போட்ட மார்க்கர் கோடு ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. வீட்டுல சம்சாரம் "ஏனுங்க, நீங்க அதையே போட்டுக்கங்க, எங்கள விட்டுருங்க"ன்னு சொல்ற அளவுக்கு. கம்மு இல்லாம இருந்திருந்தா ரெண்டாம் நாளே கடைக்கு போயிருப்பேன், அத சத்தியமா சொல்றேன். நடுக்கத்த அது நல்லாவே அமுக்குது.

ஆனா அது செய்யாதது ஒண்ணு இருக்கு. ஒதடு காலியா கெடக்குது பாருங்க, அந்த காலி. நாக்கு தானா அங்க போய் தடவி தடவி பாக்கும், பல்லு புடுங்குன எடத்த தேடற மாதிரி. கை பாக்கெட்டுக்கு போகும். இதுக்கு கம்முல மருந்து இல்ல. எனக்கு ரெண்டு கிராம்பு, இல்லன்னா ஒரு சிட்டிகை சோம்பு ஒதவுச்சு. கூட வேலை செய்யற ஒருத்தன் "புகையிலை இல்லாத வெறும் பாக்கு போடு மாமா"ன்னு பாசமா நீட்டுனான். வேண்டாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே வெறும் பாக்கையும் புற்றுநோய் வரவைக்கற பட்டியல்ல போட்டாச்சு. இப்ப வர்ற பசங்க டீ பேக் மாதிரி குட்டிப் பையில வர்றத வைக்கறானுங்க, எச்சி துப்ப வேண்டாம், நாத்தம் இல்ல, அதனால சேஃப்னு நெனப்பு. உள்ள இருக்கறது அதே புகையிலைதான், ஸ்கூல் பசங்க வரைக்கும் போனதாலதான் 2024ல ஹைகோர்ட்டோட மதுரை கிளையே அத பத்தி காட்டமா கேள்வி கேட்டுச்சு.

இன்னொண்ணு, ரிவ்யூ கம்முக்குன்னாலும் இத சொல்லாம விட்டா பாவம். 1800-11-2356. புகையிலைய விட ஒதவற அரசாங்க ஹெல்ப்லைன். இந்த நம்பர் புகையிலை பாக்கெட்டு மேலயே போட்டிருக்கு, 2018ல இருந்து, அந்த கோரமான வாய் படத்துக்குப் பக்கத்துல. வருஷக்கணக்கா ஒரு நாளைக்கு ரெண்டு தடவ பாத்த நம்பர், ஒரு தடவ கூட படிக்கல. காசு கெடையாது, தமிழ்லயே பேசுனாங்க. எப்ப விடப்போறீங்கன்னு தேதி கேட்டாங்க, ஆடி முடியட்டும்னேன், ஆடிக்கும் இதுக்கும் என்னங்க சம்மந்தம்னு சிரிச்சாங்க. எந்தெந்த நேரத்துல போடறீங்கன்னு ஒரு நாள் பூரா எழுதச் சொன்னாங்க. எழுதிப் பாத்தா ஏழு நேரத்துல நாலு, டீ குடிச்ச அடுத்த நிமிஷம். இது எனக்கே தெரியாதுங்க. தேதிக்கு அப்பறமும் அவங்களே கூப்புட்டு கேட்டாங்க. 23ஆம் நாள் ஒரு ஷிப்மெண்ட் ராத்திரில கவுந்துட்டேன், ஒரே ஒரு சிட்டிகை, தல கிர்ருன்னு சுத்தி துணி ரோல் மேல உக்காந்துட்டேன். போன்ல சொன்னேன், திட்டல, எண்ணிக்கைய திருப்பி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்க வேண்டாம், நாளைக்கு 24தான்னாங்க.

பல் டாக்டர் ஒளிக்காம ஒண்ணு சொன்னாரு: சிகரெட்ட விடறதுக்கு கம்மு நல்லா ஒதவுதுன்னு ஆராய்ச்சில உறுதியா இருக்கு, வாயில போடற புகையிலைக்கு அவ்வளவு உறுதி கெடையாது, சப்பற மாதிரி வர்ற லாஸெஞ்சும் ஆலோசனையும்தான் கொஞ்சம் மேலன்னு. அதனால கம்மு மட்டும் வாங்கிப் போட்டா விட்டுப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். என்னோட 5க்கு 3.5 ஸ்டாரும், அந்த போன் கால சேத்துப் போட்டதுதான்.

கர்ப்பமா இருக்கறவங்க, இப்பத்தான் ஹார்ட் அட்டாக் வந்தவங்க, தாடை மூட்டு வலி இருக்கறவங்க எல்லாம் டாக்டர கேக்காம தொடாதீங்க. கட்டுப்பல் இருந்தா ஒட்டிக்கும். கொழந்தைங்க கைக்கு எட்டாத எடத்துல வைங்க, பாக்க மிட்டாய் மாதிரியே இருக்கு, எம்பொண்ணு ஒரு தடவ ஸ்ட்ரிப்ப பிரிக்கப் போயிட்டா.

12 வாரத்துல கொறைச்சுட்டே வந்து நிறுத்தணும்ங்கறது கணக்கு. நான் இப்ப 11ஆவது வாரம், ஒரு நாளைக்கு ரெண்டு, சில நாள் ஒண்ணு. போன வாரம் டாக்டர் பாத்தாரு, திட்டு மெலிஞ்சு ஓரம் கரைஞ்சிருக்கு, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும்னாரு. கீழ முன்பல்லுல எறங்குன ஈறு எறங்குனதுதான், அது ஏறாதாம். சாம்பார்ல பெருங்காயம் அதிகமா போட்டிருக்கான்னு சம்சாரத்த கேட்டேன், எப்பவும் போடறதுதான்னா.

கடைசியா ஃப்ளேவர். புதினா வாங்குங்க. நான் ஆசைப்பட்டு மொதல்ல பான் ஃப்ளேவர் வாங்கிட்டேன், அந்த வெத்தல வாசம் மூக்குல ஏறுன உடனே கை தானா பொட்டிக்கடை பக்கம் வண்டிய திருப்புது. விடறவனுக்குன்னு செஞ்ச பொருள்ல எவன் பான் வாசத்த சேத்தான்னு தெரியல. அந்த ரெண்டு ஸ்ட்ரிப் இன்னும் பீரோ மேல கெடக்குது, தூக்கிப் போட மனசு வரல, இருபது கம்மு, இருநூறு ரூபா.